தட்டில் ஏறாத இசை: மொன்றியலின் ஜாஸ், புளூஸ் இசைத்தட்டுக்களை முன்வைத்து

1

பழைய ஜாஸ், புளூஸ் இசைத்தட்டுக்களைச் சேர்ப்பவர்கள் ஒருவரையொருவர் காணும்போது சுகம் விசாரிப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: 'இப்ப என்ன தட்டுப் போடுகிறாய்?' பதில் ஒரு பாட்டின் பெயரோடு முடிவதில்லை. பாடியவர் யார், பின்னால் வாசித்தவர்கள் யார் யார், எந்தக் கம்பனி, தட்டின் இலக்கம் என்ன, எந்த ஆண்டு, எந்த நகரத்தில் பதிவானது, முதல் அச்சா பிந்திய அச்சா என்று அது நீண்டுகொண்டே போகும். ஏட்டுச்சுவடியின் கடைசி ஓலையில் எழுதியவன் பெயரையும் ஆண்டையும் தேடுகிற நமது பதிப்பாசிரியர்களைப் போல, இவர்கள் தட்டின் நடுவிலுள்ள வட்டக் கடதாசியை வாசிக்கிறார்கள்.

நம்மவர் மத்தியில் இத்தகைய சேகரிப்பு வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காகவே பார்க்கப்படுகிறது. இரண்டு வேலை செய்து, ஊருக்கும் காசனுப்பி, மிஞ்சிய நேரத்தில் கூட்டமும் சஞ்சிகையும் நடத்துகிற சமூகம், உடைந்துபோகக்கூடிய ஒரு கறுப்புத் தட்டுக்கு ஒரு மாத வீட்டு வாடகையைக் கொடுப்பவனை விசித்திரமாகப் பார்ப்பதில் வியப்பில்லை. ஆனால் மொன்றியலில் வாழும் நமக்கு அந்தக் கேள்வியில் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. இந்த நகரத்தின் கறுப்பின மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வளர்த்த இசையின் வரலாற்றை அரசோ பல்கலைக்கழகமோ முதலில் எழுதவில்லை. தட்டுச் சேர்த்தவர்களும், பழைய படங்களையும் பத்திரிகைத் துண்டுகளையும் ஒட்டி வைத்திருந்த கலைஞர்களுமே அதற்கு அடித்தளம் இட்டனர். அதே நேரத்தில், அவர்கள் சேர்த்த தட்டுக்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அதற்குள் பெரியதொரு ஓட்டை தெரிகிறது. அந்த ஓட்டையைப் பற்றியதே இக்கட்டுரை.

2

ஜாஸைப் பற்றிப் பேசுமுன் தட்டைப் பற்றிப் பேசவேண்டும். தட்டை உலகுக்குத் தந்தவரின் தொழிற்சாலை இந்த நகரத்தில்தான் இருந்தது.

எமில் பேர்லினர் 1851 இல் ஜேர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்த யூதர். பிரஷ்ய இராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்படுவதைத் தவிர்க்க 1870 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். எடிசன் 1877 இல் உருவாக்கிய ஒலிப்பதிவுக் கருவி உருளையில் இயங்கியது. உருளையைப் பிரதி செய்வது கடினம். பேர்லினர் 1887 இல் தட்டையான வட்டில் ஒலியைப் பதிக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். ஒரு மூலத்திலிருந்து ஆயிரக்கணக்கான பிரதிகளை அச்சிடலாம் என்பதே அதன் புதுமை. கையெழுத்துப் பிரதிக்கும் அச்சு நூலுக்கும் உள்ள வேறுபாடு இங்கும் நிகழ்ந்தது.

ஆனால் 1900 இல், அவருடைய தட்டுக்களை விற்றுவந்த முகவருடன் ஏற்பட்ட வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் அவர் தன் கண்டுபிடிப்பைத் தானே விற்பதற்குத் தடை விதித்தது. கனடாவில் அவரது உரிமங்கள் செல்லுபடியாக இருந்தன. எனவே அவர் மொன்றியலில் கடை திறந்தார். பின்னர் அவரது கம்பனி நகரின் தென்மேற்கே, சென் ஹென்றியில் பெரிய தொழிற்சாலை கட்டியது. ஒலிபெருக்கிக் குழலின் முன்னே காது கொடுத்து அமர்ந்திருக்கும் நாயின் சித்திரத்தை அவர் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ததும் 1900 இல்தான். நமது பாட்டன்மார் 'நாய் மார்க் தட்டு' என்று அழைத்தது அந்தச் சின்னத்தைத்தான். சொந்தச் சந்தையிலிருந்து வெளியே தள்ளப்பட்ட ஒரு குடியேறி ஒதுங்கிய இடமாக இந்த நகரம் அன்றே இருந்திருக்கிறது.

அந்தத் தட்டு எதனால் ஆனது? வினைல் 1940களின் இறுதியில் பரவலாக வந்தது. கொலம்பியா கம்பனி நீண்ட நேரம் ஓடும் தட்டை வெளியிட்டது 1948 இல். அதற்கு முன்பு அரை நூற்றாண்டாக உலகின் தட்டுக்களை ஒட்டிப் பிடித்திருந்தது அரக்கு. பாண்டவர்களைச் சுடக் கட்டிய மாளிகையின் அதே அரக்கு. சோட்டா நாக்பூர்க் காடுகளில் ஆதிவாசி மக்கள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டியெடுத்த பூச்சிப் பிசின் கல்கத்தா வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயிற்று. புளூஸ் தட்டின் மீது ஊசி ஓடும்போது ஓடுவது இந்தியக் காட்டுப் பிசின் மீது என்பதை மேற்கத்தைய சேகரிப்பாளர்கள் அதிகம் நினைப்பதில்லை.

தமிழ்த் தட்டின் கதையும் இதே குடும்பத்தோடு பின்னியது. பேர்லினரிடம் தொழில் பழகிய பிரெட் கைஸ்பேர்க் 1902 இல் கல்கத்தாவுக்குச் சென்று கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். அந்தப் பத்தாண்டிலேயே தமிழ்ப் பாடல்களும் பதிவாகின. 1908 இல் கல்கத்தாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை திறக்கும் வரை, இந்தியாவில் பதிவானவை ஹனோவரில் பேர்லினர் சகோதரர்களின் தொழிற்சாலையில் அச்சாகியே திரும்பி வந்தன.

3

முதலில் யாருடைய குரல் தட்டில் ஏறியது என்பது கவனிக்க வேண்டியது. தமிழகத்தின் ஆரம்பகாலத் தட்டுக்களில் கேட்பவர்கள் பெரும்பாலும் தேவதாசி மரபில் வந்த பெண்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்றோர். சபை மேடைகளின் பெரிய வித்துவான்கள், தம் குரலைக் கண்டவன் நின்றவன் எல்லாம் தெருவிலே கேட்பதா என்று தயங்கி நின்ற காலத்தில், இப்பெண்கள் குழலின் முன் நின்று மூன்று நிமிடத்துக்குள் ராகத்தையும் கீர்த்தனத்தையும் அடக்கிப் பாடினார்கள். தாயியின் குரலைக் கேட்டுக் கவரப்பட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் மொறிஸ் டெலாஜ் அதன் பாதிப்பில் தனது இசையை எழுதினார். பிற்பாடு, தட்டு மரியாதைக்குரிய பொருளாக ஆனதும், சபைகள் எழுந்ததும், இந்தப் பெண்களின் பெயர்கள் பின்னால் போயின.

அமெரிக்காவிலும் இதே முறைமைதான். 1920 இல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ஓக்கே கம்பனிக்காகப் பாடிய 'கிறேஸி புளூஸ்' எதிர்பாராத அளவு விற்றது. கறுப்பின மக்கள் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பதை அதுவரை கம்பனிகள் நம்பியிருக்கவில்லை. உடனே 'இனத் தட்டுக்கள்' என்ற தனிப் பிரிவு தோன்றியது. புளூஸை முதலில் தட்டில் ஏற்றியவர்கள் பெண்கள்: மேமி ஸ்மித், மா றெய்னி, பெஸ்ஸி ஸ்மித். பின்னாளில் வெள்ளைச் சேகரிப்பாளர்கள், ஏராளமாக விற்றதால் மலிவாகக் கிடைத்த இப்பெண்களின் தட்டுக்களை விட, ஒன்றிரண்டு பிரதி மட்டுமே மிஞ்சிய கிராமத்து ஆண் பாடகர்களின் தட்டுக்களையே தேடி ஓடினார்கள். அரிதாகக் கிடைப்பதே ஆழமானது என்ற மயக்கம் அவர்கள் எழுதிய வரலாற்றிலும் படிந்தது. அக்காலத்துக் கறுப்பின மக்கள் தம் வீடுகளில் உண்மையில் எதைக் கேட்டார்கள் என்பது பின்தள்ளப்பட்டது. சேகரிப்பாளருக்கு நாம் நன்றி சொல்லும்போதே இதையும் சொல்லவேண்டும்.

இந்த 'இனத் தட்டு' வணிகத்தில் மொன்றியலுக்கும் பங்கு இருந்தது. எமில் பேர்லினரின் மூத்த மகன் ஹேர்பேட் 1918 இல் நகரத்தின் மேற்கே லஷீனில் கொம்போ என்ற தனிக் கம்பனியைத் தொடங்கினார். 1923 முதல் 1925 வரை அது 'அஜாக்ஸ்' என்ற பெயரில், அமெரிக்கக் கறுப்பின மக்களை நோக்கிய புளூஸ், ஜாஸ் தட்டுக்களை அச்சிட்டு எல்லைக்கு அப்பால் அனுப்பியது. பெரும்பாலான பதிவுகள் நியூயோர்க்கில் நடந்தன. மேமி ஸ்மித்தும் அஜாக்ஸுக்காகப் பாடினார். சேகரிப்பாளர் ஒருவர் இன்று அஜாக்ஸ் தட்டொன்றைப் போடுகிறேன் என்று சொன்னால், அவர் போடுவது லஷீன் தொழிலாளர்கள் கனடாவில் அச்சிட்ட ஹார்லெம் இசை.

அப்படியானால் கேள்வி எழுகிறது: மொன்றியலின் கறுப்பின இசைக்கலைஞர்கள் எங்கே?

4

அவர்கள் அதிக தூரத்தில் இல்லை. வின்சர் புகையிரத நிலையத்துக்குத் தெற்கும் மேற்குமாக, சென் அந்துவான் வீதியை ஒட்டி, இன்று லிற்றில் பேகண்டி எனப்படும் பகுதியில் வாழ்ந்தார்கள். நோவாஸ்கோசியாவிலிருந்தும், அமெரிக்காவிலிருந்தும், கரிபியன் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள். ஆண்களில் பெரும்பான்மையோருக்குக் கிடைத்த வேலை ஒன்றே: புகையிரதத்தின் தூங்கும் பெட்டிகளில் போட்டர் வேலை. பெண்களுக்கு வெள்ளையர் வீடுகளில் வேலை. கல்லூரிப் படிப்பு முடித்தவரும் பெட்டி தூக்கினார், சப்பாத்துத் துடைத்தார். பயணிகள் அவர்கள் எல்லோரையும், சொந்தப் பெயரைக் கேளாமல், 'ஜோர்ஜ்' என்றே அழைத்தார்கள். பட்டச் சான்றிதழைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு றெஸ்ரோறன்ற்களில் கோப்பை கழுவிய ஒரு தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த மக்கள் 1907 இல் தமக்கென யூனியன் தேவாலயத்தை அமைத்தார்கள். 1919 இல் மார்க்கஸ் கார்வியின் இயக்கத்துக்கு இங்கே கிளை அமைத்தார்கள். 1927 இல் நீக்ரோ சமூக நிலையத்தை உருவாக்கினார்கள். இசை இந்த அமைப்புகளுக்குள்ளேதான் வளர்ந்தது. தேவாலயத்தில் பாட்டும், வீட்டில் பியானோவும், இரவில் கிளப்பும்.

கிளப்புகளுக்கு வாய்ப்பைத் தந்தது அண்டை நாட்டின் சட்டம். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. கியூபெக்கில் மது ஓடியது. குடிக்க வந்தவர்களோடு, வேலை தேடி ஹார்லெமிலிருந்தும் சிக்காகோவிலிருந்தும் கலைஞர்களும் வந்தார்கள். 1928 இல், ஜமெய்க்காவில் பிறந்து புகையிரதப் போட்டராக வேலை செய்த றூபஸ் றோக்ஹெட், சென் அந்துவான் வீதியும் மலை வீதியும் சந்திக்கும் மூலையில் றோக்ஹெட்ஸ் பரடைஸ் என்ற கிளப்பைத் திறந்தார். அரை நூற்றாண்டு காலம் அது கறுப்பினக் கலைஞர்களுக்கு மேடையாக இருந்தது.

இப்போது வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மேற்கே சென் ஹென்றியில் பேர்லினர் தொழிற்சாலை. 1924 இல் அதை அமெரிக்க விக்ரர் கம்பனி வாங்கியது, 1929 இல் அது ஆர்.சி.ஏ. கைக்குப் போயிற்று. இன்னும் மேற்கே லஷீனில் கொம்போ. கிழக்கே, நடந்துபோகும் தூரத்தில், சென் அந்துவான் கிளப்புகள். உலகில் மிகச் சில நகரங்களிலேயே பதிவுக் கம்பனியும் கறுப்பின இசையும் இவ்வளவு அருகருகே இருந்தன. ஆயினும் 1920களிலும் 1930களிலும் இந்த நகரத்துக் கறுப்பினக் குழுக்கள் தட்டில் ஏறியது அரிதிலும் அரிது. 1924 இல் மில்லாட் தோமஸ் என்ற பியானோக் கலைஞரின் குழு இங்கே வாசித்த சில பக்கங்கள் கொம்போவின் தட்டுக்களாக வந்தன. அதுவும் சிக்காகோவின் பெயரைத் தன் பெயரில் தாங்கிய குழு. மினி சட்டன் என்ற சக்ஸபோன் கலைஞர் 1930களில் 'கனேடியத் தூதுவர்கள்' என்ற பெயரில் நடத்திய குழு இந்த நகரில் புகழ்பெற்றிருந்தது. அவரது இசையை விட அவர் ஒட்டி வைத்த படப் புத்தகங்களே இன்று அதைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

இதற்குக் காரணம் ஏழ்மையோ கலைக்குறைவோ அல்ல. 1929 இல் கொம்போ, கஸ்பே கரையோரத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்த மேரி ட்றவர்ஸ் என்ற 'லா பொல்டுக்'கின் பாடல்களை வெளியிட்டது. அவை கியூபெக்கெங்கும் விற்றன. ஏழைப் பெண்ணின் குரலைப் பதிவு செய்யக் கம்பனி தயங்கவில்லை, ஏனெனில் அந்தக் குரலுக்குப் பின்னால் பிரெஞ்சு பேசும் பெரும் சந்தை இருந்தது. மொன்றியலின் கறுப்பின மக்களோ சில ஆயிரம் பேர். அவர்களுக்கு விற்பதற்கு அமெரிக்காவிலிருந்து மூலத்தை வரவழைத்து இங்கே அச்சிட்டாலே போதும். சிறு சமூகம் ஒன்றின் இசை தனக்குப் பக்கத்திலுள்ள பெரும் சந்தையின் பிரதியாகவே கணக்கில் எடுக்கப்படும். இந்த இடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணம் நின்ற நிலையும் இதுதான்.

5

ஓட்டையை ஒருவர் கடந்தார். ஒஸ்கார் பீற்றர்சன் 1925 இல் இந்தப் பகுதியில் பிறந்தவர். தந்தை டானியல் கனடியன் பசிபிக் புகையிரதத்தில் போட்டர். பயணம் புறப்படும்போது பிள்ளைகளுக்கு இசைப்பாடம் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் வாசித்துக் காட்டவேண்டும். மூத்த சகோதரி டெய்ஸி, தம்பிக்கும் பின்னர் ஒலிவர் ஜோன்ஸ் உட்பட அயலின் பல பிள்ளைகளுக்கும் பியானோ கற்பித்தவர். 1940களில் பீற்றர்சன், ஜோனி ஹோம்ஸ் நடத்திய வெள்ளையர் நடனக் குழுவில் ஒரேயொரு கறுப்பராக வாசித்தார்.

1945 இல் ஆர்.சி.ஏ. விக்ரர் அவரை மொன்றியலில் பதிவு செய்தது. 1949 வரை முப்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் வெளிவந்தன. போட்டர்களின் தொழிற்சங்கம் கனடியன் பசிபிக்குடன் முதல் ஒப்பந்தம் செய்ததும் அதே 1945 இல் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் தந்தையின் உழைப்புக்கும் மகனின் விரல்களுக்கும் ஒரே ஆண்டில்தான் எழுத்தில் மதிப்புக் கிடைத்தது. கம்பனி அவரிடம் அதிகம் கேட்டது வேகமான பூகி-வூகி. அது அவருடைய இசையின் ஒரு மூலை மட்டுமே. ஆரம்பகாலத் தட்டுக்களைக் கொண்டு அந்தப் பீற்றர்சனை அளப்பவர்கள் கம்பனியின் விருப்பத்தையே அளக்கிறார்கள். 1949 இல் நோர்மன் கிரான்ஸ் அவரை நியூயோர்க் கார்னகி மண்டப மேடைக்கு அழைத்துச் சென்ற பிறகே உலகம் மீதியைக் கேட்டது. 1962 இல் பதிவான 'நைற் ட்றெயின்' தட்டை அவர் போட்டரான தன் தந்தைக்குக் காணிக்கையாக்கினார்.

மறுபுறத்தில் நெல்சன் சிமன்ட்ஸ். நோவாஸ்கோசியாவிலிருந்து வந்த கிற்றார் கலைஞர். 1960களில் இந்த நகரத்துக் கிளப்புகளில் இரவிரவாக வாசித்தவர். வெளியூர்க் கலைஞர்கள் அவரைக் கேட்பதற்கென்றே வந்தார்கள். ஆனால் அவர் ஊர் சுற்றவும் தட்டுப் போடவும் அவசரப்படவில்லை; அவருடைய உச்சகாலத்தின் வாசிப்பில் தட்டாக மிஞ்சியது சொற்பம். பீற்றர்சனின் தட்டு உலகெங்கும் உண்டு. சிமன்ட்ஸின் இரவுகள் அவற்றைக் கேட்டவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. தட்டின் எண்ணிக்கையை வைத்து இருவரையும் ஒப்பிட்டால் வரலாறு பிழைத்துவிடும்.

சில வேளைகளில் கம்பனி தவறவிட்டதை வேறு கருவி பிடித்துக்கொள்கிறது. 1953 பெப்ரவரியில் சார்லி பாக்கர் மொன்றியலுக்கு வந்து சி.பி.சி. தொலைக்காட்சியிலும் ஒரு கிளப்பிலும் வாசித்தார். பதிவுக் கம்பனி எதுவும் திட்டமிட்டு எடுத்ததல்ல அது. யாரோ ஒலியைப் பிடித்து, எறியாமல் வைத்திருந்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் அது தட்டாக வெளிவந்தது.

6

1950களின் நடுப்பகுதியில் நகராட்சி கிளப்புகளைத் துப்புரவாக்கத் தொடங்கியது. தொலைக்காட்சி மக்களை வீட்டில் இருத்தியது. 1960களில் நகரப் புனரமைப்பு என்ற பெயரில் லிற்றில் பேகண்டியின் வீடுகள் இடிக்கப்பட்டன. 1970களில் வில் மரி நெடுஞ்சாலை சென் அந்துவான் பகுதியை ஊடறுத்துச் சென்றது. மக்கள் கோட்-டெ-நெய்ஜ், நோத்ர்-டாம்-டி-கிராஸ், லசால் என்று சிதறினார்கள். றோக்ஹெட்ஸ் பரடைஸ் 1980 இல் கைமாறியது. அதே 1980 இல்தான் மொன்றியல் சர்வதேச ஜாஸ் விழா தொடங்கியது: ஜாஸை வளர்த்த தெரு போன பிறகு ஜாஸுக்கு விழா. நீக்ரோ சமூக நிலையத்தின் கட்டடம் 2014 இல் இடிக்கப்பட்டது.

தெரு போனபின் மிஞ்சியவை எவை? பாடகியின் அலமாரியில் இருந்த படங்கள், வாத்தியக்காரரின் ஒட்டுப் புத்தகம், சேகரிப்பாளரின் தட்டுக்களும் குறிப்பேடும். ஜோன் கில்மோர் முதிய கலைஞர்களைத் தேடிப் போய்ப் பேட்டி கண்டு எழுதிய மொன்றியல் ஜாஸ் வரலாறு 1988 இல் வெளிவந்தது. அவர் திரட்டியவையும், அலெக்ஸ் றொபேட்சன் போன்ற சேகரிப்பாளர்கள் திரட்டியவையும், மினி சட்டனின் படப் புத்தகங்களும் கொன்கோடியா பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இடம்பெற்றன. இடிக்கப்பட்ட சமூக நிலையத்தின் கடதாசிகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. பேர்லினரின் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் 1990களில் ஒலியின் அருங்காட்சியகம் ஒன்று தோன்றியது.

தட்டைக் காத்தவர்கள் கம்பனிகள் அல்ல என்பது அமெரிக்காவில் இன்னும் தெளிவு. விஸ்கொன்சினில் ஒரு தளபாடக் கம்பனியின் துணைத் தொழிலாக இயங்கிய பரமவுண்ட், சார்லி பற்றன், ஸ்கிப் ஜேம்ஸ், சன் ஹவுஸ் ஆகியோரைப் பதிவு செய்தது. பின்னர் அதன் உலோக மூலங்கள் பழைய இரும்பாகப் போயின. 1942 இல் போர் காரணமாக அரக்கு தட்டுப்பாடாகியது. பழைய தட்டுக்கள் உடைத்து அரைக்கப்பட்டன. எஞ்சியதைத் தேடி வீடுவீடாகக் கதவு தட்டியவர்கள் சேகரிப்பாளர்கள். சன் ஹவுஸின் ஒரு தட்டு பதிவாகி எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகே ஒரு பிரதி அகப்பட்டது. மிசிசிப்பி ஜோன் ஹேட் 1928 இல் சில தட்டுக்களில் பாடிவிட்டுத் தோட்ட வேலைக்குத் திரும்பியவர். அவருடைய ஒரு பாட்டில் அவரது ஊரின் பெயர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 1963 இல் சேகரிப்பாளர் ஒருவர் அந்த ஊருக்கே போக, ஹேட் உயிரோடு இருந்தார். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் பெரும் மேடைகளில் பாடினார். தட்டின் மீது பெயரும் ஊரும் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

7

இனி நம்முடைய அலமாரிக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் ஒலிபெருக்கி கட்டி றெக்கோட் போட்ட காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். போட்டவை பெரும்பாலும் தமிழகத்துத் தட்டுக்கள்: கிட்டப்பா, சுந்தராம்பாள், ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, பிறகு சினிமா. அவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் உண்டு, சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் தனிமனிதராகப் பல்லாயிரம் 78 சுற்றுத் தட்டுக்களைச் சேர்த்தார். ஆனால் நமது ஊர் வீதிகளில் வாசித்தவர்கள்? அளவெட்டித் தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தி 1933 இல் பிறந்து 1975 இல் மறைந்தார். தஞ்சாவூர் வித்துவான்களும் வியந்த கை அது. அவர் வாசித்த இரவுகளோடு ஒப்பிட்டால் மிஞ்சிய ஒலிப்பதிவுகள் மிகச் சில. அம்ஷன் குமார் 2015 இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தபோது நினைவுகளையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. பறை அடித்தவர்களின் நிலை இன்னும் மோசம். கம்பனி சந்தையைப் பார்த்தது. நாம் சாதியைப் பார்த்தோம். தட்டில் ஏறாமைக்கு அந்நியக் கம்பனியை மட்டும் குற்றம் சாட்டித் தப்ப முடியாது.

சிலர் கேட்பார்கள்: கறுப்பரின் இசைக்கும் நமக்கும் என்ன தொடர்பு? வீட்டுக்குள் 'காப்பிலி' என்ற வசைச்சொல்லைப் பிள்ளைகளின் காதுபடச் சொல்லிக்கொண்டு வெளியே இனவாதத்துக்கு எதிராக அறிக்கை விடும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பாக வரும். 1980களில் நமது அகதிகள் வந்து குடியேறிய கோட்-டெ-நெய்ஜ் அடுக்குமாடிகளில் அவர்களுக்கு முன்பே வந்திருந்தவர்களில் சென் அந்துவானிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களும் இருந்தார்கள். ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கினோம். வேலை நிலையங்களில் நமக்கு ஓரளவு பாதுகாப்புத் தந்த சட்டங்களுக்காகப் போராடியவர்களில் அந்தப் போட்டர்களும் அவர்களின் சங்கமும் உண்டு. அவர்களின் இசையைக் கேட்பது உபகாரமல்ல. நாம் வந்து சேர்ந்த நகரத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளல்.

தெரிந்துகொண்டு என்ன செய்வது? 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது முதல், இழந்தவற்றின் பட்டியலை நாம் நன்றாக எழுதப் பழகியிருக்கிறோம். இன்னும் இழக்காதவற்றின் பட்டியலை எழுதவில்லை. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் அச்சில் வந்தவற்றுக்குப் பெரும்பணி செய்துள்ளது. ஒலியின் நிலை வேறு. யாழ்ப்பாணத்து றெக்கோடிங் கடைகளில் பட்டியல் கொடுத்துப் பதிவித்த கசற்றுகள், ஊரிலிருந்து தபாலில் வந்த பேசும் கடிதங்கள், இங்கே தேவாலய மண்டபங்களை வாடகைக்கு எடுத்து நடத்திய கவியரங்குகள், கூத்துகள், அம்மாமாரின் ஒப்பாரி, தாலாட்டு. இவை எல்லாம் நம் வீடுகளின் நிலவறைகளில், பழைய சப்பாத்துப் பெட்டிகளில் கிடக்கின்றன. அரக்குத் தட்டு உடையாத வரை நூறாண்டு நிற்கும். காந்த நாடாவுக்கு அந்த ஆயுள் இல்லை. ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டும், பூச்சு உதிரும்.

பெரிய கலைஞர்களின் பதிவை மட்டும் காத்தால் போதும் என்பவர்கள் சேகரிப்பாளர்களின் பழைய பிழையையே திரும்பச் செய்வார்கள். பெயர் பெற்றவர்களின் கசற் பத்து வீட்டில் இருக்கும். திருமண வீட்டில் பாடிய மாமியின் கசற் ஒரு வீட்டில்தான் இருக்கும். அந்த வீடு மாறும்போது குப்பைக்குப் போகும். இன்னொரு பக்கம், இயக்கப் பாடல்களும் கூட்டப் பேச்சுகளும் அடங்கிய கசற்றுகளை வெட்கத்தாலோ பயத்தாலோ கோபத்தாலோ எறிந்தவர்கள் நம்மிடையே உண்டு. பிடிக்காத தட்டையும் சேகரிப்பாளன் எறிவதில்லை. அந்த ஒழுக்கம் நமக்கும் தேவை. எதை மன்னிப்பது என்பதை நமக்குப் பின் வருபவர்கள் தீர்மானிக்கட்டும், கேட்டுவிட்டுத் தீர்மானிக்கட்டும்.

செலவில்லாத முதல் வேலை ஒன்று உண்டு. கசற்றைப் பிரதி எடுக்கும் வசதி வரும் வரையாவது, அதன் உறையில் பேனையால் எழுதி வைக்கலாம்: பாடியவர் பெயர், வாசித்தவர் பெயர், ஊர், ஆண்டு, எந்த நிகழ்வு, பதிவு செய்தவர் யார். மிசிசிப்பியில் ஒருவரை முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் தேடிக் கண்டுபிடிக்க ஓர் ஊரின் பெயர் போதுமாயிருந்தது. நமது பெட்டிகளில் கிடப்பவற்றில் பெரும்பாலானவற்றின் மீது 'பாட்டு', 'அப்பா', 'பொங்கல் விழா' என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. எந்த அப்பா, எந்தப் பொங்கல் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்வோம்.